வீட்டுத் தேவைக்கு மட்டும் ஒரு சின்ன நாலு சில்லு மெசின்: தம்பலகாமத்து வயலுக்கு அது கட்டுப்படியாகுமா?

கேள்வி இது: திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் மூன்றரை ஏக்கர் வயல், நிலாவெளியில் ஒன்றரை ஏக்கர் தென்னந்தோட்டம். இரண்டு போகமும் செய்கிறார்கள். ஒவ்வொரு போகமும் கூலி மெசினுக்குக் காத்திருந்து அலுத்துவிட்டது. 24 குதிரைவலு அளவில் ஒரு சின்ன நாலு சில்லு உழவு இயந்திரம் சொந்தமாக வாங்கினால் போட்ட காசு வருமா? வாடகைக்கு விடும் எண்ணம் இல்லை.

சுருக்கமான பதில்: புதிதாக வாங்கினால் வராது. பழையது வாங்கினால் கிட்டத்தட்ட வரும். லான்ட்மாஸ்டர் (பின்னால் நடந்து ஓட்டும் இரண்டு சில்லு மெசின்) வாங்கினால் வரும். ஆனால் இதில் காசு மட்டும் பேசவில்லை. நீங்கள் விலை கொடுத்து வாங்கப்போவது உண்மையில் தண்ணீர் திறந்த பிறகு வரும் பத்துப் பதினைந்து நாட்களை. அந்த நாட்களுக்கு நீங்கள் போடும் விலைதான் கணக்கைத் திருப்பும்.

முதலில் கணக்கு. கீழே உள்ள தொகைகள் கணக்கு ஓடும் விதத்தைக் காட்ட நான் வைத்தவை. உங்கள் கையில் உள்ள விலைப்பட்டியல், உங்கள் ஊர்க் கூலி ஆகியவற்றை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

மெசினும் ரொட்டரியும் (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) 28 லட்சம், பின்னால் இழுக்கும் பாவித்த சுமைப் பெட்டியும் சேற்றுக்கு ஒரு சோடி இரும்புச் சில்லும் 4 லட்சம், ஆக 32 லட்சம் என்று வைப்போம். பத்து வருடம் கழித்துப் பாதி விலைக்கு, 16 லட்சத்துக்குக் கொடுக்கிறீர்கள். வருடத்துக்குத் தேய்மானம் 1,60,000. அடுத்தது வட்டி. லீசிங் எடுக்காமல் கைக்காசு போட்டாலும் வட்டி உண்டு, ஏனென்றால் அந்தக் காசு வங்கியில் கிடந்திருந்தால் ஏதோ உழைத்திருக்கும். 32க்கும் 16க்கும் நடுவே சராசரியாக 24 லட்சம் முடங்கிக் கிடக்கிறது. 9 வீதம் போட்டால் 2,16,000. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, மழை வெயில் படாத ஒரு கொட்டில் எல்லாவற்றுக்கும் 44,000. மொத்தம் 4,20,000. சாவியைத் தொடாமலே வருடத்துக்கு இவ்வளவு போகும். பெரும்பாலானோர் டீசலையும் ஒயிலையும் மட்டும் கணக்குப் பார்த்து, 'சொந்த மெசின் எண்டால் செலவே இல்லை' என்பது இந்தத் தொகையை மறந்துவிட்டுத்தான்.

இனி ஓடும் செலவு. 24 குதிரைவலு மெசினுக்கு நாம் பூட்டக்கூடிய ரொட்டரியில் ஏறக்குறைய ஒரு மீற்றர் அகலம் வெட்டும். மணிக்கு இரண்டரை கிலோமீற்றர் வேகம் போனால் 2,500 சதுர மீற்றர். திரும்புவது, மூலை விடுவது, மேல்விழுவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் மணிக்கு 2,000 சதுர மீற்றர், அதாவது அரை ஏக்கர். ஆக ஒரு ஏக்கரை ஒருமுறை உழ இரண்டு மணித்தியாலம். மணிக்கு மூன்று லீற்றர் டீசல், லீற்றர் 300 என்று வைத்தால் 900. ஒயில், பில்ரர், பிளேட், ரயர் தேய்வு என்று 500. ஆக மணிக்கு 1,400, ஏக்கருக்கு 2,800. நீங்களே ஓட்டுகிறீர்கள் என்பதால் ஓட்டுநர் கூலி சேர்க்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. கூலி மெசினின் மணிக்கணக்கையும் உங்கள் மெசினின் மணிக்கணக்கையும் ஒப்பிடக் கூடாது. 45, 50 குதிரைவலுப் பெரிய மெசின் ஒரு மணியில் செய்வதை உங்களுடையது இரண்டு மணியில் செய்யும். ஆகவே ஏக்கர் அளவில்தான் பார்க்க வேண்டும். கூலி மெசின் ஒரு உழவுக்கு ஏக்கருக்கு 9,000 வாங்கினால், உங்களுக்கு மிச்சம் 6,200. நிலையான செலவு 4,20,000ஐ 6,200ஆல் வகுத்தால் 68 ஏக்கர் உழவு வரும். வருடத்துக்கு இவ்வளவு உழுதால்தான் மெசின் தன் காலில் நிற்கும்.

உங்களிடம் எவ்வளவு இருக்கிறது? மூன்றரை ஏக்கர், பிரட்டு உழவு, மறு உழவு, பலகை அடிப்பு என்று மூன்று தடவை, இரண்டு போகம்: 21. தென்னந்தோட்டம் வருடம் இரண்டு முறை: 3. மொத்தம் 24. இதில் மிச்சம் 1,48,800. நெல், பசளை, எரு, மண், விறகு ஏற்றும் பெட்டி வேலையில் வருடம் 50,000 மிச்சம் என்று தாராளமாக வைப்போம். பிந்தி விதைப்பதால் போகும் நெல்லுக்கும் ஒரு விலை வைக்கலாம்: ஏக்கருக்கு இரண்டு மூடை, மூன்றரை ஏக்கருக்கு ஏழு மூடை, மூடை 7,000 என்றால் 49,000. எல்லாம் கூட்டினால் 2,47,800. நிலையான செலவுக்கு இன்னும் 1,72,200 துண்டு விழுகிறது. மாதத்துக்குப் பதினாலாயிரத்துச் சொச்சம். 'வசதிக்காக மாதம் பதினாலாயிரம் கொடுக்கிறேன்' என்று மனதாரச் சொல்ல முடிந்தால் வாங்குங்கள், அதில் பிழையில்லை. 'லாபத்துக்காக வாங்கினேன்' என்று மட்டும் வீட்டில் சொல்லாதீர்கள்.

தென்னந்தோட்டக் கணக்கில் நான் உங்களுக்குச் சலுகை காட்டியிருக்கிறேன். தம்பலகாமத்திலிருந்து திருகோணமலை நகரத்தைக் கடந்து நிலாவெளிக்குப் போக முப்பத்தைந்து, நாற்பது கிலோமீற்றர். இந்த மெசின் றோட்டில் இருபதுக்கு மேல் போகாது. போக இரண்டு மணி, வர இரண்டு மணி. வயலுக்கான உயர்ந்த பல் ரயர் தார் றோட்டில்தான் வேகமாகத் தேயும். ஆகவே அந்த மூன்று ஏக்கர் உழவில் கிடைக்கும் பதினெட்டாயிரத்தில் பெரும்பகுதி றோட்டிலேயே கரைந்துவிடும். நிலாவெளியில் உள்ள ஒரு மெசின்காரரைப் பிடித்து அந்த வேலையை முடிப்பதுதான் மலிவு. கொண்டுபோய்த்தான் தீருவேன் என்றால் தென்னை மரத்தடியிலிருந்து இரண்டு மீற்றர் வட்டத்துக்குள் ரொட்டரியை விடாதீர்கள். உணவெடுக்கும் வேர் அங்கேதான் அடர்த்தி. நிலாவெளி மணல் பிளேட்டை அரம் போல அராவும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பலகாமச் சேற்றில் இரண்டு போகம் தாங்கும் பிளேட் அந்த மணலில் அப்படித் தாங்காது.

இனிப் பத்துப் பதினைந்து நாட்களின் விலை. தம்பலகாம வயல் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரை நம்பியது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாளும் விதைப்பு முடிக்கும் நாளும் குறிக்கப்படும். அந்த நாளிலிருந்து வாய்க்கால் முழுவதற்கும் ஒரே நேரத்தில் மெசின் வேண்டும். சின்னக் காணிக்காரருக்கு வரிசையில் கடைசி இடம், ஏனென்றால் பத்து ஏக்கர் உள்ளவரிடம் மெசின் வந்தால் ஒன்றரை நாள் தொடர்ந்து ஓடும், உங்களிடம் அரை நாளில் வேலை முடிந்துவிடும். காத்திருக்கும் காலத்தில் முதல் உழவில் புரட்டிய புல் மறுபடி வேர்பிடிக்கிறது. பெரும்போகத்தில் விதைப்புப் பிந்தினால் இளம்பயிரை ஐப்பசி, கார்த்திகை அடைமழை மூடும். சிறுபோகத்தில் பிந்தினால் கடைசித் தண்ணீர் நிறுத்தும்போது உங்கள் வயல் இன்னும் பால் கதிரில் நிற்கும். இதற்கும் மேல், ஏக்கர் கணக்கில் கூலி வாங்குபவர் வேகமாகவும் ஆழமில்லாமலும் ஓடுவார், மூலைகளை விட்டுவிட்டுப் போவார். மூலையில் நின்ற கோரை வயல் முழுக்கப் பரவும். இந்த இழப்புகள் கடந்த நாலு போகத்தில் உங்களுக்கு எவ்வளவு வந்தன என்று கொப்பியில் எழுதிப் பாருங்கள். ஏக்கருக்கு இரண்டு மூடை என்று நான் வைத்த இடத்தில் உங்களுக்கு ஏழு மூடை வந்தால், துண்டுவிழும் தொகையில் பெரும்பகுதி அடைபட்டுவிடும்.

வயலில் சின்ன மெசினுக்கு இருக்கும் ஒரு நல்ல குணத்தைக் காசில் சொல்ல முடியாது. இருபது, இருபத்துநாலு குதிரைவலு மெசின் ஏறக்குறைய அறுநூற்றைம்பது கிலோவிலிருந்து ஒரு தொன் வரைதான் பாரம். நாலு சில்லும் இழுக்கும். பெரிய மெசின் சேற்றில் இறங்கும்போது வயலின் அடியில் உள்ள இறுகிய தட்டை உடைத்துக்கொண்டு போகும். அந்தத் தட்டுத்தான் தண்ணீரை மேலே பிடித்து வைத்திருப்பது. உடைந்த இடத்தில் தண்ணீர் கீழே வடியும், அடுத்த போகம் அதே இடத்தில் மெசின் புதையும். சின்ன மெசினில் இந்தக் கரைச்சல் குறைவு. ஆனால் சில்லுக்குள் பாரத்துக்காகத் தண்ணீர் நிரப்பியிருந்தால் வயலில் இறக்கும் முன் அதை வெளியே விட்டுவிடுங்கள். பின்சில்லோடு இரும்புச் சில்லைச் சேர்த்துப் பூட்டினால் மிதக்கும். வரம்பு ஏறும்போது மட்டும் கவனம்: சின்ன மெசின் மூக்கைத் தூக்கும், அப்படியே ஏறாமல் வரம்பை வெட்டிச் சரிவு செய்துகொண்டு ஏறுங்கள்.

லான்ட்மாஸ்டர் பக்கம் வருவோம். இந்தக் காணிக்கு உண்மையான போட்டி அதுதான். ரொட்டரி, பெட்டியோடு 8 லட்சம், பத்து வருடத்தில் 4 லட்சம் என்று வைத்தால் தேய்மானம் 40,000, சராசரி 6 லட்சத்துக்கு வட்டி 54,000, மற்றவை 20,000. ஆக 1,14,000. ஏக்கர் உழவுக்கு நாலு மணி பிடிக்கும். டீசலும் தேய்வும் 2,500, ஓட்டுபவருக்கு 2,000. கூலி மெசினோடு ஒப்பிட்டால் ஏக்கருக்கு 4,500 மிச்சம், 24 உழவுக்கு 1,08,000. பெட்டி வேலையில் 40,000, பிந்தாத விதைப்பில் 49,000. மொத்தம் 1,97,000. செலவு போக வருடம் 83,000 கையில் நிற்கும். அதே காணி, அதே கணக்கு, எதிர்மறை நேர்மறையாகிவிட்டது.

அப்படியானால் ஏன் எல்லாரும் நாலு சில்லுக்கு ஆசைப்படுகிறார்கள்? அறுபது சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு ஏக்கரை ஒருமுறை உழ, சேற்றுக்குள் ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர் நடக்க வேண்டும். மூன்றரை ஏக்கருக்கு இருபத்துநாலு. திருப்பும் இடத்தில் கைப்பிடியைத் தூக்கி வளைக்கும் வேலை வேறு. ஐம்பதைத் தாண்டிய முழங்காலுக்கும் இடுப்புக்கும் அது ஒரு நோய்ச் செலவு. ஓட்ட ஆள் பிடிக்கலாம், ஆனால் தண்ணீர் திறந்த கிழமையில் ஆளும் மெசினைப் போலவே கிடைக்காது. உங்கள் வயதும் உங்கள் வீட்டில் ஓட்டக்கூடிய பிள்ளை இருக்கிறாரா என்பதும் இந்தக் கணக்கில் நேரடியாக வரும் இலக்கங்கள்தான்.

நடுவழி ஒன்று உண்டு: பாவித்த ஜப்பானியச் சின்ன மெசின். கூபோட்டா, யன்மார், இசேகி ஆகிய பெயர்களில் வருபவை. எல்லாம் சேர்த்து 15 லட்சம், எட்டு வருடத்தில் 9 லட்சம் என்றால் தேய்மானம் 75,000, வட்டி 1,08,000, மற்றவை 40,000, பழையது என்பதால் திருத்த வேலைக்கு ஒதுக்கு 60,000. ஆக 2,83,000. நமது மிச்சம் 2,47,800. துண்டு வெறும் 35,000. இந்த முப்பத்தைந்தாயிரம் பக்கத்து வயல்காரர் ஒருவருக்கு ஆறு ஏக்கர் உழவு செய்து கொடுத்தால் அடையும். வாய்க்கால் ஒன்றில் அடுத்தடுத்து வயல் உள்ள இருவர் பங்கு போட்டு வாங்குவது இன்னும் நல்லது. யார் வயல் முதலில் என்பதைப் போகத்துக்குப் போகம் மாற்றி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பங்கு மெசின்கள் பிரிவது பெரும்பாலும் அந்த ஒரு விஷயத்தில்தான். மூன்றாம் ஆட்களுக்கு வாடகைக்கு விட்டு உழைக்கலாம் என்று கணக்கில் சேர்க்காதீர்கள். ஏக்கர் கணக்கில் பெரிய மெசின்தான் வேகம், அதோடு காசு 'வெள்ளாமை வெட்டினாப் பிறகு தாறன்' என்பதில் நிற்கும்.

பழையது பார்க்கப் போகும்போது விற்பவர் முன்கூட்டியே ஸ்ராட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால் அன்று திரும்பி வந்துவிடுங்கள். எஞ்சின் உடம்பில் கை வைத்துப் பார்த்து, பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருக்கும்போது ஸ்ராட் பண்ணச் சொல்ல வேண்டும். தொடர்ந்து வெள்ளைப் புகை வந்தால் அமுக்கமோ இன்ஜெக்ரரோ பழுது, நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது, பாரமில்லாமலே கறுப்பு வந்தால் காற்று பில்ரரையோ டீசல் பம்பையோ பாருங்கள். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் இலேசாக ஆவி வரலாம், புஸ்ஸென்று தள்ளினால் ரிங் போய்விட்டது. பிறகு ரொட்டரியை முழு உயரத்துக்குத் தூக்கி எஞ்சினை நிறுத்துங்கள். நிலத்திலிருந்து அதன் அடிவரை அளந்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி அளவுங்கள். சில சென்ரிமீற்றர் இறங்கினால் பொறுக்கலாம். நிலத்தில் வந்து உட்கார்ந்தால் ஹைட்ரோலிக் சீல் அல்லது வால்வ் வேலை இருக்கிறது.

வயலில் உழைத்த நாலு சில்லு இழுவை மெசினில் யாரும் பார்க்காத, ஆனால் அதிகம் காசு தின்னும் இடம் முன் அக்சில். இரண்டு முன்சில்லுக்கும் உள்ளே உள்ள கியர்ப் பெட்டியின் சீல் தேய்ந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும். அடிப் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி முதலில் என்ன சொட்டுகிறது என்று பாருங்கள். தண்ணீரோ பால் கலந்த தேநீர் நிறமோ வந்தால் பெயரிங்கும் கியரும் தின்னப்பட்டுக்கொண்டிருக்கின்றன. மணி காட்டும் மீற்றரை நம்ப வேண்டாம், கிளச் பெடலின் றப்பரையும், ரொட்டரி பூட்டும் கீழ்க் கைகளின் ஆணி ஓட்டைகளில் உள்ள ஆட்டத்தையும் நம்புங்கள். 400 மணி ஓடியதாகச் சொல்லும் மெசினில் பெடல் வழுக்கையாக இருக்க முடியாது.

முன்ரயரின் அளவும் பக்கவாட்டில் எழுதியபடி சரியாக இருக்க வேண்டும். இந்த மெசின்களில் முன்சில்லு பின்சில்லைவிடச் சிறிதளவு முந்திச் சுழலும்படி கியர் அமைத்திருப்பார்கள். யாரோ கையில் கிடைத்த வேறு அளவு ரயரைப் போட்டிருந்தால் அந்த விகிதம் கெட்டு, முன் அக்சில் தன்னோடு தானே மல்லுக்கட்டும். தார் றோட்டில் நாலு சில்லு இழுவையைப் போட்டு ஓடக் கூடாது என்பதும் இதனால்தான். சேற்றில் அந்த வித்தியாசம் வழுக்கிப் போகும், தாரில் வழுக்க இடமில்லை.

உதிரிப்பாகம் பற்றி ஒரே கேள்வி: வெள்ளிக்கிழமை பின்னேரம் பம்ப் சீல் போனால் திங்கள் காலைக்குள் திருகோணமலையிலோ கந்தளாயிலோ கிடைக்குமா? கொழும்பிலிருந்துதான் வர வேண்டும் என்றால், தண்ணீர் திறந்த கிழமையில் உங்கள் சொந்த மெசினும் கூலி மெசினும் ஒன்றுதான். வாங்க முன் அந்த மாதிரிக்கு எண்ணெய் பில்ரர், டீசல் பில்ரர், கிளச் தட்டு, பான் பெல்ட் நாலையும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பதிலே உங்களுக்கு எந்த மெசின் என்று சொல்லிவிடும். 2022இல் டீசல் இல்லாமல் மெசின்கள் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதிரிக் காலத்தில் ஏக்கருக்கு நாலு லீற்றர் குடிக்கும் லான்ட்மாஸ்டருக்கும் ஆறு லீற்றர் குடிக்கும் நாலு சில்லுக்கும் வித்தியாசம் பெரியது.

பெட்டி இழுப்பில் பேராசை வேண்டாம். தொள்ளாயிரம் கிலோ மெசின் இரண்டு தொன் நெல்லை மட்டமான றோட்டில் இழுத்துவிடும், நிறுத்தாது. பெட்டிக்குத் தனிப் பிரேக் இல்லையென்றால் பெட்டியும் சுமையும் சேர்ந்து மெசினின் பாரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் கிளச்சை மிதிக்காமல் தாழ்ந்த கியரிலேயே இறங்குங்கள். வயலில் இடது, வலது பிரேக்கைப் பிரித்து மிதித்துத் திருப்புவோம். றோட்டில் ஏறும் முன் அந்த இரண்டு பெடலையும் கொக்கி போட்டு இணைக்காவிட்டால், ஒரு பக்கம் மட்டும் பிடித்து மெசின் புரளும். எஞ்சின் வலுவை ரொட்டரிக்குக் கொண்டுபோகும், சுழலும் பி.ரி.ஓ. தண்டின் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் புதிது போடும்வரை சாரத்தோடு அருகில் போகக் கூடாது.

பேரம் முடிந்தால் காசு எண்ணும் முன் பதிவுப் புத்தகத்தைக் கையில் வாங்குங்கள். எஞ்சின் இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் துணியால் துடைத்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். 'முழுமையான உரிமையாளர்' என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், விற்பவரின் கையெழுத்து மட்டும் உங்களை உரிமையாளர் ஆக்காது. பெட்டிக்கும் தனிப் பதிவு இலக்கம் உண்டு, அதன் புத்தகத்தையும் கேளுங்கள். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஜி வகுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். லான்ட்மாஸ்டருக்குரிய ஜி1 மட்டும் இருந்தால் நாலு சில்லை றோட்டில் ஓட்ட அது போதாது.